மருதங்குடி ஏரியில் எவ்வளவு தண்ணீர்?

செங்கல்பட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேலே மடம் ஒன்று இருந்தது. காவி கிடையாது, கமண்டலம் கிடையாது. சுவரோரமாக ஏழெட்டு கம்ப்யூட்டர்கள், தலைக்கு மேலே முனகுகிற மின்விசிறி, மூலையில் பூப்போட்ட துணியுறை மாட்டிய தண்ணீர் கேன், அவ்வளவுதான். ஆனாலும் மில்லுக்கு அரிசி கொண்டுவருகிறவர்கள் அதை மடம் என்றே சொன்னார்கள். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற பிள்ளைகள், ஏறியதும் எதையோ மந்திரம்போலச் சத்தமாக வாசிக்கிறார்கள். வேறென்ன சொல்வது?

அவர்கள் வாசித்தது மந்திரம் இல்லை. வாங்கிய திட்டு.

அங்கே எல்லோரும் ஹாஸ்கெல் என்ற மொழியில் புரோகிராம் எழுதினார்கள். எழுதியதை ஓடவிடுவதற்கு முன்னால் கம்பைலர் என்று ஒன்று அதை வரிவரியாகப் பார்க்கும். சில மொழிகளில் அது பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடும். ஹாஸ்கெலின் கம்பைலர் அப்படியில்லை. பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டு அத்தை மாதிரி, இலையில் உப்பு வைத்த இடம்வரைக்கும் பார்த்துக் குறை சொல்லும். சொல்வதையும் நீட்டி முழக்கிச் சொல்லும்.

மடத்தில் ஒரே ஒரு விதி இருந்தது. கம்பைலர் திட்டினால், யாரிடமும் உதவி கேட்பதற்கு முன் அந்தத் திட்டை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதற்குப் பாராயணம் என்று பெயர் வைத்தவன் அங்கே வேலை செய்கிற பர்வேஸ். வாசிப்பைக் கேட்க, புதியவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற நாச்சியார் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். வாசிக்கிற ஆள் பெரும்பாலும் பாதியிலேயே "அட!" என்று எழுந்து போய்விடும். நாச்சியார் நாற்காலியை மறுபடியும் திருப்பிக்கொள்வாள்.

"வாயே திறக்காம சொல்லிக்குடுக்கற குரு," என்பான் பர்வேஸ். "நமக்கும் இப்படி ஒரு வேலை கிடைக்க மாட்டேங்குதே."

நாச்சியார் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயது. அவளிடம் வேலை பழக வந்த தையல்நாயகி, எல்லோருக்கும் தையல், அவளைவிட மூத்தவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிட்டாள். சிஷ்யை குருவை வாங்க, போங்க என்றாள். யாருக்கும் அது உறுத்தவில்லை, தையலைத் தவிர. தன்னைவிடச் சின்னப் பெண்ணிடம் போய் நிற்கிறோமே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம்.

தையல் வீட்டில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள் அவள்தான். சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. வெளியே கேட்கப் பயம். பத்தாவது பரீட்சைக்குக் கிளம்பிய அன்று, லோடு வண்டியில் கொண்டுபோய் விட்ட அப்பா, பள்ளிக்கூட வாசலில் ஒரு புத்தி சொன்னார்.

"எதையும் காலியா வுட்டுட்டு வராத, தாயி. எதையாவது எழுதி வையி. சும்மா வுட்டா யாரு மார்க்கு போடுவா?"

அந்தப் புத்திதான் அவளை எம்.எஸ்சி. வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அதை அவள் ஒருநாளும் குறை சொல்ல மாட்டாள்.

பாராயணம் மட்டும் அவளுக்கு ஆகவில்லை. கம்பைலர் திட்டுவது இங்கிலீஷில். தமிழ் மீடியத்தில் படித்த நாக்கு அவளுடையது. நாலு பேர் முன்னால் ஒரு சொல் இடறினாலும் காது சிவந்துவிடும். எனவே திட்டின் முதல் வரியை மட்டும் மனசுக்குள் படித்துவிட்டு, இணையத்தில் தேடி, ஏதாவது ஒரு வழியில் கம்பைலரின் வாயை அடைத்துவிடுவாள். நாச்சியார் எதையாவது விளக்கிவிட்டு "புரிஞ்சுதாக்கா?" என்று கேட்பாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்.

"புரிஞ்சுது."

ஒருநாள் தையலே கேட்டாள். "கம்பைலர் திட்டாத மாதிரி எழுதறது எப்படிங்க, நாச்சியார்?"

நாச்சியார் கொஞ்சம் யோசித்தாள். "அது திட்டாத நாள்லதான் எனக்குப் பயமா இருக்கும்க்கா."

தையல் தலையாட்டினாள்.

"புரிஞ்சுதாக்கா?"

"புரிஞ்சுது."

அந்த மாதம்தான் மருதங்குடி ஏரி வேலை வந்தது. ஏரிப் பாசன சங்கத்துக்காரர்கள் தண்ணீருக்கு மேலே ஒரு கம்பம் நட்டு, நீர்மட்டம் பார்க்கும் சென்சார் ஒன்றை மாட்டியிருந்தார்கள். மதகுக்கு மோட்டாரும் போட்டாயிற்று. சென்சார் சொல்லும் அளவை வாங்கி, தண்ணீர் குறைந்திருந்தால் மதகை மூடு, நிறைந்திருந்தால் திற என்று சங்கச் செயலாளர் மாசிலாமணியின் செல்போனுக்கு யோசனை சொல்ல வேண்டியது புரோகிராமின் வேலை. அவர் இருந்த இடத்திலிருந்தே பொத்தானை அமுக்குவார். அதை எழுதும் பொறுப்பு தையலுக்கு வந்தது. அவள் தனியாக எழுதிய முதல் புரோகிராம். இது சரியாக ஓடினால் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

எழுதி முடிக்கிற நேரத்தில் ஓரிடத்தில் கம்பைலர் மறித்தது. அது சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: "இங்கே எனக்கு ஓர் எண் வேண்டும். நீ கொடுத்ததோ எண்ணாகவும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்."

கம்பைலர் சொன்னது நியாயம். சென்சார் எப்போதும் பதில் சொல்லும் என்று என்ன நிச்சயம்? பதில் வராத நேரமும் உண்டு. ஹாஸ்கெலில் அப்படிப்பட்ட அளவை மூடிய டப்பா மாதிரிதான் வைத்திருப்பார்கள். உள்ளே எண் இருக்கும், அல்லது காலியாக இருக்கும்.

காலியாக இருந்தால் என்ன செய்வது? தையல் தேடினாள். ஒரு வழி கிடைத்தது. டப்பா காலி என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள், ஒரே வரி. எழுதினாள்.

கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. அந்த மௌனத்தை அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் முற்பகல், கீழே மில் ஓடிக்கொண்டிருந்தபோது, தையலின் செல்போன் அடித்தது. மாசிலாமணி. பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"யம்மா, நான் மதுராந்தகத்துல ஒரு கல்யாணத்துல கீறேன். உன் மிஷினு இன்னாம்மா இப்படிச் சொல்லுது?"

"என்ன சார் சொல்லுது?"

"ஏரியில தண்ணி பூஜ்யமாம். மதகை மூடுன்னுது. ரெண்டு நாளா ஊத்துது மழை, தண்ணி எங்கம்மா போச்சு? மேல ஏரி உடைஞ்சு நமக்கு வராம போயிடுச்சா? ஒண்ணும் புரியல."

தையல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மூடிடட்டுமா? நீ சொல்லு, அமுக்கிடறேன். படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா?"

மருதங்குடிக் கரையை அவள் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தாள். போன மழையில் உடைந்து, மணல் மூட்டை அடுக்கி நிறுத்திய இடம் ஒன்று அதில் உண்டு. அதற்கு நேர் கீழே காலனி. ஒரு வாசலில் பச்சைக்குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஏரி நிறைந்திருக்கும்போது மதகையும் மூடினால் தண்ணீரின் பாரம் முழுக்க அந்த மூட்டைகள்மேல்தான்.

நிறைந்திருக்கிறதா? அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஏரி அனுப்பியது இல்லை அது. அவள் எழுதி வைத்தது.

வாயில் பதில்கள் வரிசை கட்டி நின்றன. மூடாதீங்க சார், நிறைஞ்சுதான் இருக்கும். மூடுங்க சார், மிஷின் சொன்னா சரிதான். சர்வர்ல சின்னக் கோளாறு சார், அப்புறம் பேசறேன். எதையாவது சொல்லலாம். இத்தனை நாள் எதையாவது சொல்லித்தான் வண்டி ஓடியது.

"ஒரு நிமிஷம் சார். எதையும் அமுக்காதீங்க," என்றாள். போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நாச்சியாரிடம் போனாள்.

"நாச்சியார், மருதங்குடி ஏரி..."

நாச்சியார் நாற்காலியைத் திருப்பினாள். "வாசிங்கக்கா."

"வாசிக்க ஒண்ணும் இல்ல. கம்பைலர் எதுவும் சொல்லல."

"சொல்லலையா, சொல்ல விடலையா?"

மில் ஓடுகிற சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. பர்வேஸ் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"விடல," என்றாள் தையல். "சென்சார் பதில் சொல்லலேன்னா பூஜ்யம்னு வெச்சுக்கோன்னு எழுதினேன். அது திட்டறதை நிறுத்தணும்னு எழுதினேன். இப்ப மழையில சென்சார் பேசல. ஏரி காலின்னு காட்டுது. அவரு மதகை மூடட்டுமான்னு கேக்கறாரு. நான்தாங்க எழுதினேன்."

நாச்சியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தாள்.

"அந்த கேன்ல எவ்வளவு தண்ணி இருக்குக்கா?"

"போன்ல ஆளு காத்திட்டிருக்காருங்க!"

"எவ்வளவு இருக்கு?"

"தெரியல. உறை போட்டிருக்கே!"

"வருதுல்லா," என்றாள் நாச்சியார்.

"எது?"

"அந்த வார்த்தை. அவர்ட்டயும் அதையே சொல்லுங்க."

தையல் கையை எடுத்தாள். நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு மாறியிருந்தது.

"சார்."

"சொல்லும்மா."

"ஏரியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு எனக்குத் தெரியாது, சார்."

"இன்னாது?"

"மிஷினுக்கும் தெரியாது. சென்சார் பேசல. பேசலேன்னா பூஜ்யம்னு காட்டற மாதிரி நான் தப்பா எழுதிட்டேன். மதகை மூடாதீங்க. யாராவது கரைக்குப் போய் நேர்ல பாக்கணும்."

மாசிலாமணி பெருமூச்சு விட்டார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்காம்மா மிஷினு வாங்கினோம்?"

இந்த முறை அவள் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்க்கவில்லை.

"சரி, சரி. மருமவன் வூட்லதான் கீறான், அனுப்பறேன். அவனும் பத்து வருஷமா எனக்கு மருமவன். ஒருநாள்கூட அவன் வாயிலேர்ந்து தெரியாதுன்னு ஒரு வார்த்தை வந்ததில்ல. நீ தேவல."

போனை வைத்தாள். இனி தன்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். செருப்பு படியில் எந்த இடத்தில் கிடக்கிறது என்றுகூட யோசித்துவிட்டாள்.

நாச்சியார் எழுந்து மூலைக்குப் போனாள். கேனின் உறையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாதி இருக்கு," என்றாள். ஒரு டம்ளர் பிடித்துக் கொண்டுவந்து தையல் கையில் கொடுத்தாள்.

மருமகன் பார்த்துச் சொல்லும்வரை எல்லோரும் அவள் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பர்வேஸ்கூட.

மறுபடி போன் வந்தபோது மாசிலாமணியின் குரல் இறங்கியிருந்தது. "யம்மா, மிச்சத் தண்ணி போற கலங்கல்ல வழிய ஒரு சாண்தான் பாக்கியாம். மதகு தொறந்தே கீது. மூட்டை அடுக்கின எடத்துல ஆளுங்களை நிக்க வெச்சுட்டேன். அந்த சென்சாரு வாயில குளவி கூடு கட்டிக்கீதாம். மண்ணை வெச்சு நல்லா பூசிக்கீது. அது எப்படிம்மா பேசும்?"

தையல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னை அனுப்பிடுவீங்களா?" என்று நாச்சியாரிடம் கேட்டாள்.

"அனுப்பிட்டா இதை யாரு சரி பண்றது? அந்தப் பூஜ்யத்தை எடுத்துருங்கக்கா."

"எடுத்துட்டு என்ன எழுத?"

"எழுதணும்னு யாரு சொன்னா? ஒரு கோடு போட்டு விடுங்க."

ஹாஸ்கெலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. என்ன எழுதுவது என்று தெரியாத இடத்தில் அடிக்கோடு ஒன்றைப் போட்டுக் காலியாக விட்டுவிடலாம். கம்பைலர் அப்போதும் திட்டும். ஆனால் அந்தக் காலி இடத்தில், அதாவது பள்ளத்தில், எப்படிப்பட்ட பொருள் பொருந்தும் என்றும் சேர்த்தே சொல்லும். தையல் அதைப் பற்றிப் படித்திருந்தாள். ஒருமுறையும் போட்டதில்லை. காலியாக விட அவள் கை வந்ததே இல்லை.

பூஜ்யத்தை அழித்தாள். சென்சார் பேசினால் அளவைப் பார்த்து யோசனை சொல், பேசாவிட்டால்... அங்கே ஒரு கோடு போட்டாள்.

கம்பைலர் பொரிந்து தள்ளியது. திரை நிறைந்துவிட்டது.

நாச்சியார் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள்.

"பாராயணம்!" என்றான் பர்வேஸ் மெல்ல. கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்த வாய். "அக்கா வாசிக்கறாங்க, மில்லை நிறுத்தச் சொல்லவா?"

"உன் வாயை நிறுத்து, போதும்," என்றாள் தையல். பர்வேஸ் சிரித்தான். அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வாசித்தாள். முதல் வரியிலேயே ஒரு சொல் இடறியது. நின்றாள், காது சுட்டது. யாரும் சிரிக்கவில்லை. திரும்பவும் அந்தச் சொல்லிலிருந்து ஆரம்பித்தாள். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று போய், இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது என்று வந்து, இதில் பொருந்த வேண்டியது ஒரு யோசனை என்று சொல்லி, உன்னிடம் இருப்பவற்றில் பொருந்தக்கூடியவை இவை என்று கம்பைலர் அடுக்கியிருந்தது. அடுக்கில் இருந்தவை இரண்டே. மூடு. திற.

"மூடு," என்று வாசித்தாள். "திற."

நிறுத்தினாள். இரண்டில் எதைப் போட்டாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். உடனே அமைதியாகிவிடும். விரல் ஒரு எழுத்தின் மேல் போய் நின்றது.

நாச்சியாரைப் பார்த்தாள். நாச்சியார் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் இல்லைங்க," என்றாள் தையல்.

நாச்சியார் திரும்பினாள்.

"ரெண்டுமே பொருந்தும்னு சொல்லுது. ஆனா ரெண்டும் இல்ல. நான் யோசனைன்னு எழுதும்போதே ரெண்டுதான் எழுதியிருக்கேன். மூணாவது ஒண்ணு வேணும்." விரலை எடுத்துவிட்டாள். "போய்ப் பார். அதுதான் வேணும்."



தையல் புரோகிராமில் மேலே போய், மூடு, திற என்பவற்றுக்குப் பக்கத்தில் போய்ப் பார் என்று மூன்றாவது யோசனையைச் சேர்த்தாள். கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தாள். கம்பைலர் மறுபடி கிளம்பியது. திரையில் எழுத்துக் காட்டும் இடத்தில் இந்த மூன்றாவதற்கு என்ன காட்டுவது என்று கேட்டது. குறுஞ்செய்தி அனுப்பும் இடத்தில் என்ன அனுப்புவது என்று கேட்டது. மோட்டார்ப் பொத்தானை அப்போது என்ன செய்வது என்று கேட்டது. அவள் விட்டுவைத்த இடம் ஒவ்வொன்றையும் அது தேடிப் போய்த் தட்டியது. ஒவ்வொன்றையும் அவள் வாய்விட்டு வாசித்தாள். சில இடத்தில் பாதி வாசிக்கும்போதே கை பதிலை எழுதிவிட்டது. ஓரிடத்தில் "அட!" என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

மில் ஓய்ந்திருந்தது. கடைசியில் கம்பைலரும் ஓய்ந்தது.

அந்த மௌனத்தை அவள் உடனே நம்பிவிடவில்லை. சென்சார் பேசாததுபோல் வைத்து ஓட்டிப் பார்த்தாள். திரையில் எண் வரவில்லை. 'நீர்மட்டம் தெரியவில்லை. நேரில் பார்க்கவும்' என்று வந்தது. பொத்தான் மங்கிக் கிடந்தது, அமுக்கினாலும் அசையவில்லை.

மாசிலாமணிக்கு அனுப்பினாள். அவர் ஒரு வரி பதில் போட்டிருந்தார்: 'மருமவனுக்கும் இப்படி ஒண்ணு எழுதிக் குடும்மா.'

பர்வேஸ் அதைச் சத்தமாக வாசித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாச்சியார் சிரிக்கவில்லை; தன் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். அவள் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம். பக்கம் முழுக்க அங்கங்கே கோடுகள்.

"என்னங்க இது, இவ்வளவு காலியா?" என்றாள் தையல்.

"எனக்குத் தெரியாத இடம்லாம்."

தையல் அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தாள். வெளியே மழை விட்டு, மில் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"புரிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள் நாச்சியார்.

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. தையல் அதை விழுங்கினாள்.

"பாதி," என்றாள்.

நாச்சியார் நாற்காலியை முழுக்கத் திருப்பி, அவளுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"எந்தப் பாதி?"